தோலில் தெரியாத காயம்

புத்தரின் பாதத்தில் பட்ட அடியைப் பற்றிப் பௌத்த உரைமரபு சொல்லும் தீர்ப்பு, மருத்துவ அறத்தைப் பற்றி யோசிக்கும் எவரையும் நிறுத்தி வைக்கக்கூடியது. ராஜகிருகத்துக் கழுகுமலையில் அவர் உலவிக்கொண்டிருந்தபோது, கொல்லும் எண்ணத்தோடு அவருடைய சீடன் தேவதத்தன் மேலிருந்து ஒரு பாறையை உருட்டிவிட்டான். பாறை வழியிலேயே தடைபட்டது. அதிலிருந்து தெறித்த ஒரு சில்லு மட்டும் அவர் பாதத்தைத் தாக்கியது. 5ஆம் நூற்றாண்டில் பாலி உரைகளை எழுதிய புத்தகோசர், தாம் காஞ்சிபுரத்தில் வாழ்ந்ததைத் தம் உரையொன்றில் குறிப்பிடுபவர். அவர் இந்த இடத்தில் ஒரு நுட்பத்தைச் சொல்கிறார். அந்த அடியில் தோல் கிழியவில்லை. இரத்தம் உள்ளேயே ஓரிடத்தில் திரண்டு நின்றது. பிறகு மருத்துவர் ஜீவகர், புத்தரின் விருப்பத்தின்படி, கத்தியால் அந்தத் தோலைக் கீறிக் கெட்ட இரத்தத்தை வெளியேற்றி வலியைத் தணித்தார். தேவதத்தன் செய்தது மீட்சியற்ற ஐந்து பெரும்பாவங்களில் ஒன்று. ஜீவகர் செய்தது புண்ணியம். தோலைக் கிழிக்காத அடி பாவமாகவும், தோலைக் கிழித்த கத்தி புண்ணியமாகவும் ஆகின்றன.

இந்தப் பழைய தீர்ப்பை இன்றைய அறுவை அரங்கில் வைத்துப் பார்க்க வேண்டிய தேவை இருக்கிறது. அடிபட்ட கால் தமனியைச் சரிசெய்ய முன்பெல்லாம் தொடையையோ கெண்டைக்காலையோ நீளமாகத் திறக்க வேண்டும். இன்று பல காயங்களைத் தொடையிடுக்கில் போடும் ஒரு சிறு துளை வழியாகவே சரிசெய்ய முடிகிறது. இரத்த இழப்பு குறைவு. தையல் தழும்பு இல்லை. படுக்கையில் கிடக்கும் நாட்களும் குறைவு. ஆகவே சிறிய துளையே கருணையுள்ள வழி, பெரிய வெட்டு பழைய காலத்து வன்முறை என்ற எண்ணம் மெல்ல வேரூன்றுகிறது. துளை சிறிதாக இருப்பது நல்லதுதான். ஆனால் அது தன்னளவில் அறமாகிவிடாது என்பதே என் வாதம். இன்னொருவர் உடலைக் காயப்படுத்தும் உரிமை மருத்துவருக்கு மூன்று இடங்களிலிருந்து வருகிறது: காயப்பட்டவரின் சம்மதம், அவருடைய வாழ்நாள் முழுவதையும் கணக்கில் எடுக்கும் கவனம், வேலை முடிந்த பிறகும் விலகாத பொறுப்பு. துளை பெரிதா சிறிதா என்பது இந்த மூன்றுக்கும் உட்பட்டே தீர்மானிக்கப்பட வேண்டும்.

முதலில் காயம் எப்படிப்பட்டது என்பதைத் தெளிவாகப் பார்ப்போம். சாலை விபத்தில் முழங்கால் மூட்டு நழுவும்போது, மூட்டுக்குப் பின்னால் ஓடும் தமனி இழுபட்டு அதன் உட்சுவர் மட்டும் கிழியலாம். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. கிழிந்த உட்படலம் மடிந்து வழியை அடைக்கும். அங்கே இரத்தம் உறையும். பாதம் குளிர்ந்து வெளிறும். கணுக்காலில் விரல் வைத்தால் துடிப்பு தெரியாது. இரத்தம் நின்ற தசையும் நரம்பும் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குப் பிறகு மீட்க முடியாத நிலைக்குப் போகத் தொடங்குகின்றன. இதற்கான துளைவழிச் சிகிச்சையில் பெரும்பாலும் மறுகாலின் தொடையிடுக்கில் ஊசி குத்தி, அதன் வழியே மெல்லிய வயரைச் செலுத்தி, அயோடின் கலந்த சாயத்தைப் பாய்ச்சி, எக்ஸ்ரே திரையில் தமனியின் வடிவத்தைப் பார்ப்பார்கள். கிழிசலை வயர் தாண்டிவிட்டால், துணி போன்ற உறை போர்த்திய ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாயை அதன்மீது நகர்த்தி, கிழிந்த இடத்தில் உள்ளிருந்தே விரித்து ஒட்டவைப்பார்கள். தொடைக்குள் ஆழமாகக் கசியும் கிளைத்தமனி என்றால், சுருள் கம்பியை உள்ளே விட்டு அதை அடைப்பார்கள். ஊசி, வயர், கதீட்டர் எனும் மென்குழாய் என்ற இந்த வரிசையை 1953இல் வகுத்துக் கொடுத்தவர் சுவீடனின் எக்ஸ்ரே மருத்துவர் செல்டிங்கர்.

குறைவாகத் தலையிடுவதே குறைவாகத் துன்புறுத்துவது என்ற எண்ணத்துக்கு எதிரான முதல் சாட்சி இரண்டாம் உலகப் போரிலிருந்து வருகிறது. அமெரிக்கப் படைவீரர்களின் 2,471 தமனிக் காயங்களை ஆராய்ந்து அறுவை மருத்துவர்கள் டிபேக்கியும் சிமியோனியும் 1946இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தமனிகளைத் தைக்கும் முறைக்காக அலெக்சிஸ் காரெலுக்கு 1912இலேயே நோபல் பரிசு கிடைத்திருந்தது. ஆனாலும் அந்தப் போரில் தைத்துச் சரிசெய்யப்பட்ட தமனிகள் 81 மட்டுமே. பெரும்பாலும் நடந்தது அறுந்த முனைகளைக் கட்டிவிடுவதுதான். கட்டுவது எளிய வேலை. வெட்டு சிறிது, நேரம் குறைவு, உயிரும் தப்பியது. ஆனால் அப்படிக் கட்டப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்த உறுப்பை இழந்தார்கள். முழங்காலுக்குப் பின்னுள்ள தமனி கட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் காலை இழந்தார்கள். காயம்பட்டவர்கள் பல மணி நேரம் கழித்தே மேசைக்கு வந்து சேர்ந்த அந்தக் களத்தில் மருத்துவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல நியாயமில்லை. கொரியப் போரில் காயம்பட்டவர்களை விரைவாகக் கொண்டுவர முடிந்தது. தமனியைத் திறந்து சரிசெய்வது வழக்கமாயிற்று. உறுப்பிழப்பு நூற்றுக்குச் சுமார் 13 ஆகக் குறைந்தது. அதற்காக அவர்கள் நீளமாக வெட்டினார்கள். ஒட்டுப்போடச் சிரை தேவைப்பட்டால் அடிபடாத மறுகாலைக் கீறி அங்கிருந்து எடுப்பது இன்றும் வழக்கம். ஆரோக்கியமான ஒரு காலை வேண்டுமென்றே காயப்படுத்தி இன்னொரு காலைக் காப்பது, வெட்டின் நீளத்தை மட்டும் அளக்கும் அறத்தால் நியாயப்படுத்த முடியாத செயல். முழு மனிதரைக் கணக்கில் எடுக்கும் அறமோ அதைக் கடமை என்றே சொல்லும்.

அதே வரலாறு எதிர்த்திசையிலும் சாட்சி சொல்கிறது. போர்க்களத்தில் வென்ற முறை நகர மருத்துவமனைகளுக்கு வந்தபோது, தமனிக்கு அருகில் குண்டோ கத்தியோ பாய்ந்திருந்தால் போதும், உடனே திறந்து பார்த்துவிட வேண்டும் என்பது விதியாயிற்று. அப்படித் திறந்த கால்களில் பெரும்பாலானவற்றில் தமனிக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. 1980களிலும் 1990களிலும் அமெரிக்க மருத்துவர்கள் பொறுமையாகக் கவனித்துப் பதிவு செய்தார்கள். பீறிடும் இரத்தம், பெருகும் வீக்கம், துடிப்பின்மை, கைவைத்தால் உணரும் அதிர்வு, குளிர்ந்து வெளிறிய பாதம் ஆகிய வெளிப்படையான அறிகுறிகள் எதுவும் இல்லாமல், ஓட்டத்தை அடைக்காத சிறு உட்கிழிசல்களில் மிகப் பெரும்பாலானவை தாமே ஆறின, அல்லது தீங்கின்றி அப்படியே இருந்தன. கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டு, அந்த விகிதம் 0.9க்குக் கீழே போனால் மட்டும் மேலும் சோதிப்பது என்ற எளிய அளவுகோலும் பிறந்தது. இங்கே துளைகூட வேண்டியதில்லை என்பதே அறம். ஆனால் இது கைவிடுதலாகாது. மணிக்கணக்கில் துடிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும் காவல் இதில் அடங்கியிருக்கிறது. ஒரே அளவு தலையிடாமை, காவலோடு இருந்தால் மருத்துவம்; காவலின்றி இருந்தால் புறக்கணிப்பு.

துளைவழி மருத்துவத்தின் தொடக்கத்திலேயே சம்மதம் என்ற கேள்வி நின்றது. 1964 ஜனவரி 16 அன்று, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், சார்லஸ் டாட்டர் என்ற எக்ஸ்ரே மருத்துவர் 82 வயதுப் பெண்ணொருவரின் தொடைத்தமனியில் இருந்த அடைப்பை, வயரின்மீது ஒன்றைவிட ஒன்று பருத்த கதீட்டர்களைச் செலுத்தி விரித்தார். அது விபத்துக் காயம் அல்ல, நோயால் வந்த குறுக்கம். இருந்தாலும் இன்று காயங்களுக்குச் செய்யும் சிகிச்சைக்கு அதுவே முன்னோடி. விரல்கள் அழுகத் தொடங்கியிருந்த அந்தக் காலை எடுத்துவிட வேண்டும் என்று அறுவை மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த மூதாட்டி மறுத்துவிட்டார். அவர் மறுத்ததால்தான் புதிய வழி ஒன்று தேடப்பட்டது. அவர் பாதம் சூடேறியது. இறக்கும்வரை தம் கால்களிலேயே நடந்தார். இந்த நிகழ்வை ஒரு மருத்துவரின் மேதைமைக்கு மட்டும் கணக்கெழுதுவது குறைபாடு. தம் உடலின் மீது தமக்கே முதல் உரிமை என்று சொன்ன நோயாளியின் மறுப்பும் அதில் சமபங்கு பெறுகிறது. ஜீவகரின் கத்தியைப் பற்றிப் பேசும்போது, புத்தரின் விருப்பத்தின்படி என்று உரை சேர்த்துச் சொல்வதும் இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சம்மதமில்லாத சிறு துளையும் அத்துமீறலே.

கவனம் என்ற இரண்டாவது நிபந்தனைக்கு முழங்காலே உரைகல். தொடையின் நடுவிலுள்ள தமனிக்குள் வைக்கும் ஸ்டென்ட் பெரிதாக வளைவதில்லை. முழங்காலுக்குப் பின்னுள்ள தமனியோ ஒவ்வொரு அடியிலும், ஒவ்வொரு முறை குந்தி எழும்போதும் மடிந்து விரிகிறது. அங்கே வைத்த உலோகம் நாளடைவில் முறியலாம், உள்ளே இரத்தம் உறைந்து அடைபடலாம். விபத்தில் சிக்குபவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். அவர்களுக்கு இன்னும் நாற்பது ஐம்பது ஆண்டு நடை மிச்சமிருக்கிறது. தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம் முதல் சில ஆண்டுகளின் பலன் நம்பிக்கை தருகிறது. பல பத்தாண்டுகளைத் தொடர்ந்து பார்த்த சான்று மிகக் குறைவு. வயதானவருக்கும், வேறு காயங்களால் நீண்ட அறுவையைத் தாங்க முடியாதவருக்கும் அந்தத் துளை பெரும் வரம். தரையில் அமர்ந்து எழுந்து வேலை செய்யும் இருபது வயதுக்காரருக்கு, இன்று வலிக்கும் நீண்ட வெட்டும் சிரை ஒட்டும் நாளைய கருணையாக இருக்கலாம். உமாசுவாதி எழுதிய சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்குச் சொல்லும் இலக்கணத்தில், உயிரைப் பறித்தலோடு கவனமின்மையையும் சேர்த்தே வைக்கிறது. சமண முனிவர் நிலத்தைப் பார்த்து நடப்பதும் அதற்காகவே. மடங்கும் மூட்டைப் பார்க்காமல், கையிலிருக்கும் கருவியை மட்டும் பார்த்து முடிவெடுப்பது அந்த இலக்கணப்படி இம்சையில்தான் சேரும்.

தோலுக்கு இரக்கப்பட்டுத் தசையைச் சாகவிடும் ஆபத்தும் இருக்கிறது. பல மணி நேரம் இரத்தமின்றிக் கிடந்த காலுக்குத் திடீரென்று ஓட்டம் திரும்பும்போது தசைகள் வீங்குகின்றன. கெண்டைக்காலின் தசைகள் நான்கு அறைகளில், விரிந்துகொடுக்காத உறைகளுக்குள் அடைபட்டிருப்பவை. உள்ளே அழுத்தம் ஏறினால், சரிசெய்த தமனியில் துடிப்பு இருக்கும்போதே நுண்ணிய நாளங்கள் நசுங்கித் தசை செத்துவிடும். இதைத் தடுக்க வழக்கமான வழி, காலின் இருபுறமும் முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்காலுக்கு அருகே வரை நீளமாகக் கீறி அந்த நான்கு உறைகளையும் திறந்துவிடுவது. கீறியதும் தசை பிதுங்கி வெளியே எழும். அந்தப் புண்ணை உடனே தைத்து மூட முடியாது. பல நாள் திறந்தே வைத்து, பிறகு தைக்க வேண்டும் அல்லது வேறிடத்துத் தோலை எடுத்து மூட வேண்டும். தமனியைத் துளைவழியே அழகாகச் சரிசெய்துவிட்டோம், இனி எதற்கு இந்தக் கோரம் என்று தயங்கினால் கால் போய்விடும். பார்க்கவே கண் கூசும் அந்த நீண்ட வெட்டு, இந்தச் சிகிச்சை முழுவதிலும் மிகுந்த கருணையுள்ள செயலாக இருக்கக்கூடும்.

எல்லை இதோடு நிற்பதில்லை. காலையே எடுத்துவிடுவது சரியாகும் தருணமும் உண்டு. பாதத்தின் வர்மங்களில் அடிபட்டு இரத்தம் நிற்காமல் ஓடினால், பாதத்தை வெட்டி உயிரைக் காக்கலாம் என்று பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதை சொல்லியிருக்கிறது. உயிரா காலா என்ற அந்தத் தேர்வில் குழப்பமில்லை. உயிருக்கு ஆபத்து நீங்கிய பிறகும், சிதைந்த காலைப் பல அறுவைகளால் மீட்பதா, எடுத்துவிடுவதா என்ற தேர்வுதான் கடினமானது. கடுமையாகச் சிதைந்த கால்களோடு அமெரிக்காவின் எட்டு விபத்துச் சிகிச்சை மையங்களுக்கு வந்த 569 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, காலை இழந்தவர்களும் காலை மீட்டுக்கொண்டவர்களும் அன்றாட வாழ்வின் செயல்திறனில் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருந்தார்கள். இரு பிரிவிலும் வேலைக்குத் திரும்பியவர்கள் பாதியளவே. யார் நன்றாக மீண்டார்கள் என்பதைத் தீர்மானித்தவற்றில் வறுமை, கல்வி, காப்பீடு, சுற்றத்தின் ஆதரவு, தன்மீதுள்ள நம்பிக்கை ஆகியவை இருந்தன. காலை மீட்பதே எப்போதும் உயர்ந்தது என்ற நம்பிக்கையையும், மீட்க முயல்வது வீண் என்ற சலிப்பையும் இந்த முடிவு ஒருசேர மறுக்கிறது.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, நோக்கம் தூய்மையாக இருந்தால் போதாதா என்பது. சபர்மதி ஆசிரமத்தில் மீளமுடியாத வேதனையில் கிடந்த கன்றை ஊசிபோட்டு இறக்கச் செய்த காந்தி, 1928இல் ‘யங் இந்தியா’வில் தம் செயலை விளக்கியபோது, நோயாளியின் நன்மைக்காகக் கத்தியெடுக்கும் அறுவை மருத்துவர் செய்வது தூய அகிம்சையே என்றார். ஜீவகர் பற்றிய தீர்ப்போடு இது ஒத்துப்போகிறது, நானும் உடன்படுகிறேன். ஆனால் நோக்கத்தின் தூய்மை ஒரு மருத்துவரைக் கத்தியெடுக்கத் தகுதியுடையவராக்குகிறது. எந்தக் கத்தியை, எங்கே, எவ்வளவு ஆழமாக என்பதை அது சொல்லித் தராது. போர்க்களங்களில் தமனிகளைக் கட்டியவர்களின் நோக்கமும் தூய்மையானதே, தைத்தவர்களின் நோக்கமும் தூய்மையானதே. அவர்களுக்கிடையே கால்கள் பிழைத்ததும் இழந்ததும் காலத்தாலும் அறிவாலும் நேர்ந்த வேறுபாடு. ஆகவே தம் முடிவுகளின் பலனை எண்ணிப் பார்த்துத் திருத்திக்கொள்வது மருத்துவருக்குத் தொழில்நுட்பக் கடமை மட்டுமாக இல்லாமல் அறக்கடமையும் ஆகிறது.

இரண்டாவது மறுப்பு துறவு நோக்கிலிருந்து வரும். நீர்க்குமிழி போன்ற உடலில் ஒரு காலுக்காக இவ்வளவு கணக்கா என்று கேட்பது நம் மரபில் எளிது. ஆனால் அதே மரபில்தான் திருமூலர், உடலை இழிவென்று எண்ணிய நிலையைக் கடந்து, இறைவன் உறையும் இடமென்று கண்டு அதைப் பேணத் தொடங்கியதைத் திருமந்திரத்தில் பதிவு செய்கிறார். தன் உடலை நிலையற்றதென்று துறப்பது ஒருவருடைய சொந்த முடிவு. அடுத்தவரின் காலை நிலையற்றதென்று சொல்லி விட்டுவிடுவதற்கு அந்தத் தத்துவத்தில் அனுமதி இல்லை. புத்தரே நிலையாமையைப் போதித்தவர். அவர் தம் பாதத்தின் காயத்துக்கு மருந்திட இணங்கினார்.

மூன்றாவது மறுப்பே கனமானது. உறை போர்த்திய ஸ்டென்டும், எந்நேரமும் இயங்கும் எக்ஸ்ரே அரங்கும், அதில் பழகிய கைகளும் விலை அதிகமானவை. கால் நசுங்கிய கூலித் தொழிலாளிக்கு எந்தத் துளை அறமானது என்று விவாதிப்பது வசதியுள்ளவர்களின் தத்துவம் என்று ஒருவர் சொல்லலாம். இதிலுள்ள கோபம் நியாயமானது. இதற்கு விடை அந்த விவாதத்தைக் கைவிடுவதில் இல்லை. பொறுப்பு என்ற மூன்றாவது நிபந்தனையைச் சமூகம் முழுவதற்கும் விரிப்பதில் இருக்கிறது. தம்மபதத்தின் உரையில் ஜீவகரைப் பற்றி இன்னொரு செய்தி வருகிறது. புத்தரின் பாதத்தில் மருந்து வைத்துக் கட்டிவிட்டு, நகருக்குள் வேறொரு நோயாளியைப் பார்க்கப் போகிறார். திரும்புவதற்குள் கோட்டைக் கதவு அடைபட்டுவிடுகிறது. கட்டை அவிழ்க்காவிட்டால் இரவெல்லாம் எரியுமே என்று அவர் தவிக்கிறார். அவர் மனத்தை அறிந்த புத்தர் தம் சீடர் ஆனந்தரைக் கொண்டு கட்டை அவிழ்த்துவிடுகிறார். அந்தத் தவிப்புதான் மருத்துவத்தின் உயிர். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் பெரிய முன்னேற்றம். ஆறு மணி நேரத்தில் முடிவாகிவிடும் கால் தமனிக்கு அந்தத் தொடக்கம் உயிர்நாடி. ஆனால் ஸ்டென்ட் வைத்தவருக்கு இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை நீண்ட நாள் வேண்டும். ஒட்டு திறந்திருக்கிறதா என்று ஸ்கேன் ஆண்டுதோறும் வேண்டும். காலை இழந்தவருக்குச் செயற்கைக் காலும் நடைப்பயிற்சியும் பிழைப்பும் வேண்டும். 569 பேரின் கதை காட்டியதும் இதையே.

ஆகவே, கால் தமனிக் காயத்தோடு வருபவருக்கு முன்னால் நிற்கும் மருத்துவரும், அவர் பக்கத்தில் நிற்கும் குடும்பமும் வெட்டு எவ்வளவு சிறிதாக இருக்கும் என்பதைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளட்டும். இவர் இதற்கு இணங்குகிறாரா, இருபது ஆண்டுகள் கழித்து இந்தக் கால் எப்படி இருக்கும், நாளை இவரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற மூன்றும் முந்தட்டும். மூன்றுக்கும் நேர்மையான விடை கிடைத்த பிறகு, சமமாகப் பலன் தரும் வழிகளில் சிறிய துளையைத் தேர்ந்தெடுப்பது கட்டாயக் கடமை. அந்த விடைகள் பெரிய வெட்டைக் கேட்டால், அதைத் தயங்காமல் செய்வதும், செய்த பின் கூடவே இருப்பதும் அதே அகிம்சைதான்.